ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 கற்றுக்கொள்வது எப்படி? 40 மணி நேரம் ஆடியும் தோற்கிற ஒருவருக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிக்க வருபவர்களுக்கும் உதவும். நீங்கள் பெங்களூர் மாரத்தஹள்ளியில் பிஜியில் தங்கி வேலை பார்க்கிறீர்கள். ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடி போட்டபோது, ஒரு நாட்டை எடுத்து இரண்டாம் உலகப் போரை நடத்துகிற ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 என்கிற கணினி கேமை வாங்கினீர்கள். 40 மணி நேரம் ஆடியாயிற்று, மூன்று தடவையும் ஜெர்மனியை எடுத்து மூன்று தடவையும் ரஷ்யாவுக்குள் போய் மாட்டிக்கொண்டு தோற்றிருக்கிறீர்கள். யூடியூப் வீடியோ பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது, இது எனக்கு வருமா, இல்லை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்ததில், "வருமா" என்பது உங்கள் கேள்வி இல்லை என்று தோன்றியது. திரையில் ஒரே நேரத்தில் நூறு விஷயம் நகர்கிறது, எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இருக்கிறது.

நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் 14 வருடமாக உற்பத்தித் திட்டமிடல் பார்க்கிறேன். இந்த கேமை 2016 ஜூன் 6-ம் தேதி, அது வெளியான நாளிலிருந்து ஆடுகிறேன் (நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய தேதியைப் பார்த்துத்தான் அந்த நாளில் வெளியிட்டார்கள்). அல்சூரில் என் வீட்டு ஹாலில் உட்காரவைத்து ஆறு பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள், அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன். ஆன்லைனில் மற்றவர்களோடு போட்டி போட்டு நான் ஆடியதில்லை, அங்கே கணக்கே வேறு என்கிறார்கள். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் கணினிக்கு எதிராகத் தனியாக ஆடுபவருக்கு மட்டும்.

முதல் விஷயம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இது பார்க்க யுத்த விளையாட்டு மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது ஸ்டோர்ஸ் கணக்கு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்களே, அது அப்படியே இங்கே பொருந்தும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சாதாரணக் காலாட்படை பட்டாலியன் ஒன்றுக்கு 1,000 ஆள், 100 யூனிட் துப்பாக்கிச் சாமான் வேண்டும். ஒன்பது பட்டாலியன் வைத்து ஒரு டிவிஷன் செய்தால் 900. ஒரு ஜெனரல் கையில் 24 டிவிஷன் வரை கொடுக்கலாம். அப்படியென்றால் ஒரே ஒரு ஜெனரலின் படையை நிரப்ப மட்டும் 21,600 யூனிட் வேண்டும், இதில் பீரங்கி, லாரி, டேங்க் எதையும் நான் சேர்க்கவில்லை, சண்டையில் தினமும் வீணாகிறதையும் சேர்க்கவில்லை. மூன்று தடவையும் நீங்கள் ரஷ்யாவுக்குள் நுழைந்த அன்று உங்கள் கிடங்கில் துப்பாக்கி எவ்வளவு கையிருப்பு இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஞாபகம் இல்லை என்றால் நீங்கள் பார்க்காத இடம் அதுதான். லாஜிஸ்டிக்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், எந்தச் சாமான் எவ்வளவு தேவை, எவ்வளவு வருகிறது, எவ்வளவு பற்றாக்குறை என்று பட்டியலாகக் காட்டும். புதிதாக ஆடுகிறவர்கள் அதைத் திறப்பதே இல்லை. கேமில் மாதத்துக்கு ஒரு தடவை நிறுத்தி அந்தப் பக்கத்தைப் பாருங்கள், அந்தப் பழக்கம் வந்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

இதிலேயே இன்னொரு உள் விஷயம் இருக்கிறது, என் வேலையோடு ஒட்டியது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் ஃபேக்டரியில் ஒரு லைனில் ஓடுகிற பொருளை மாற்றினால் அன்றைக்கே உற்பத்தி விழும், டை, அதாவது அச்சு, மாற்ற வேண்டும், ஆளுக்குக் கை பழக வேண்டும், பழைய எண்ணிக்கையை எட்டச் சில நாள் ஆகும். கேமைச் செய்தவர்கள் இதை அப்படியே உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒரு ராணுவத் தொழிற்சாலையைப் புதிதாக ஒரு லைனில் போட்டால் அதன் எஃபிஷியன்சி, அதாவது உற்பத்தித் திறன், 10 சதவீதத்தில் ஆரம்பிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், ஆரம்பத்தில் அதன் உச்சவரம்பு 50 சதவீதம், ஆராய்ச்சி செய்யச் செய்ய அந்த வரம்பு உயரும். 10-க்கும் 50-க்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். அதாவது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற துப்பாக்கி லைனில் இருந்து ஐந்து ஃபேக்டரியைப் பிடுங்கி அவசரமாக டேங்குக்குப் போட்டால், முதல் சில வாரம் அந்த ஐந்தும் சேர்ந்து, நன்றாகப் பழகிய ஒரே ஒரு ஃபேக்டரி கொடுக்க வேண்டிய அளவைத்தான் கொடுக்கும். புதியவர்கள் செய்வது இதையேதான், இன்றைக்கு விமானம் குறைவு என்று அங்கே, நாளைக்குப் பீரங்கி குறைவு என்று இங்கே மாற்றிக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் எதுவும் நிறையாது. 1936 ஜனவரியில் முடிவு செய்யுங்கள்: துப்பாக்கி, பீரங்கி, சப்போர்ட் சாமான், ஒரு வகைப் போர் விமானம் (ஃபைட்டர்), பெரிய நாடு என்றால் ஒரு வகை டேங்க். அதைத் தொடாதீர்கள். புதிதாகக் கட்டி முடிகிற ஃபேக்டரிகளை மட்டும் தேவையான லைனில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

அடுத்தது சப்ளை. நீங்கள் ரஷ்யாவில் தோற்றதற்கு நான் பந்தயம் கட்டக்கூடிய காரணம் இதுதான். 2021 நவம்பரில் வந்த பெரிய அப்டேட்டில் சப்ளையை முழுக்க மாற்றிவிட்டார்கள். இப்போது உங்கள் தலைநகரில் இருந்து ரயில் பாதை வழியாகச் சப்ளை கிடங்குகளுக்குச் சரக்கு போகிறது, கிடங்கில் இருந்து தூரம் கூடக் கூடப் படைக்குக் கிடைப்பது குறையும். நடுவில் ஒரு துண்டு பாதை நலிந்திருந்தால் அதற்கு அந்தப் பக்கம் எல்லாமே நலிந்துவிடும். 2022-ல் நான் ஒரு ஆட்டத்தில் டேங்க் படையை ஸ்மோலென்ஸ்க் வரை ஒரே மூச்சில் ஓட்டினேன், வரைபடத்தில் பார்க்க அழகாக இருந்தது, மாஸ்கோ அடுத்த வாரம் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். சப்ளை மேப்பைத் திறந்தால் என் டேங்குகள் நின்ற இடம் முழுக்கச் சிவப்பு. பின்னால் மின்ஸ்க் பக்கம் ரயில் பாதையை நான் மேம்படுத்தவே இல்லை. எதிரி அடிக்காமலே என் டிவிஷன்கள் தேய்ந்துகொண்டிருந்தன. அகலக்கால் வைத்தால் என்ன ஆகும் என்று அந்த ஆட்டத்தில் எனக்கு நன்றாகப் புரிந்தது.

நிஜத்திலும் இதுதான் நடந்தது. 1941 ஜூன் 22-ல் ஜெர்மனி உள்ளே நுழைந்தபோது அவர்கள் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், சோவியத் தண்டவாளம் 1,524. ஒரு சாண் கூட வித்தியாசம் இல்லை, ஆனால் அவர்கள் ரயில் அதில் ஓடாது, தண்டவாளத்தை நகர்த்தி அடித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. பெங்களூரிலிருந்து சென்ட்ரலில் வந்து இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் போய், மீட்டர் கேஜ் வண்டி பிடித்துச் சிதம்பரம் பக்கம் ஊருக்குப் போன காலம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ஒரு குடும்பத்துக்கே அது அரை நாள் பாடு, முப்பது லட்சம் பேர் கொண்ட படைக்கு எப்படி இருந்திருக்கும்?

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டும் என்றால் இம்பால். 1944 மார்ச்சில் ஜப்பானின் 15-வது ராணுவம் சின்ட்வின் ஆற்றைத் தாண்டி வந்தது, கையில் சுமார் மூன்று வாரத்துக்கான உணவு, அதற்குள் இம்பாலில் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள், அதில் பெரும்பகுதி ஆற்றிலும் மலையிலுமே போய்விட்டது. ஜூலையில் பின்வாங்கும்போது பசியிலும் நோயிலும் செத்தவர்கள் ஏராளம். அந்தப் பக்கம் இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களில் இருந்து சேர்ந்த தமிழர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கும். இந்தப் பக்கம் பிரிட்டிஷ் 14-வது ராணுவத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகள், அதாவது ரோடும் பாலமும் போடுகிற ராணுவப் பொறியாளர்கள், "தம்பி" என்று ராணுவத்தில் அழைக்கப்படுகிற நம்மவர்கள். அவர்களின் தலைமையகம் எங்கள் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது, தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நான் பஸ் பிடிக்கிறேன். 14-வது ராணுவம் திருப்பி அடித்தபோது முதலில் செய்தது ரோடு போட்டது, பாலம் கட்டியது. 1944 டிசம்பரில் கலேவாவில் சின்ட்வின் மேல் 1,000 அடிக்கும் நீளமான பெய்லி பாலம் (தயார் துண்டுகளைக் கோத்துப் போடுகிற பாலம்) ஒன்றைப் போட்டுத்தான் பர்மாவின் உள்பகுதிக்குள் பெரும்படையாக இறங்கினார்கள். கேமில் கட்டுமானப் பக்கத்தில் ரயில் பாதை, சப்ளை கிடங்கு என்று இரண்டு ஐகான் இருக்கும். அந்த இரண்டும்தான் உங்கள் சாப்பர்கள்.

சரி, எப்படிக் கற்றுக்கொள்வது. ஜெர்மனியைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். இத்தாலியை எடுத்து 1936 ஜனவரி 1 ஆரம்பத்தைத் தேர்ந்தெடுங்கள், கணினி நாடுகள் வரலாற்றுப்படி நடக்கட்டும் என்கிற தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள், அயர்ன்மேன் வேண்டாம், அதில் பழைய சேவுக்குத் திரும்ப முடியாது. ஆட்டம் தொடங்கும்போதே இத்தாலி எத்தியோப்பியாவோடு போரில் இருக்கும். எதிரி பலவீனம், இடம் சின்னது, முடிவு சீக்கிரம் தெரியும், ஆனால் மலை, மோசமான பாதை, தூரத்து சப்ளை என்று ரஷ்யாவில் படப்போகிற பாடெல்லாம் சின்ன அளவில் அங்கேயே இருக்கிறது. அந்தப் போரை மட்டும் முடியுங்கள். முடிந்ததும் மூடிவிட்டு மறுபடி முதலில் இருந்து அதே போர். மூன்று தடவை. அதற்கு மேல் இத்தாலியை இழுக்காதீர்கள், மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் கப்பற்படை வந்தால் இன்னும் பத்து விஷயம் சேர்ந்துகொள்ளும். 2022-ல் வந்த விரிவாக்கம் இத்தாலியையும் எத்தியோப்பியாவையும் திருத்தி எழுதியது, அதை வாங்கியிருந்தால் ஆட்டம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், ஆனாலும் பாடம் இதுவேதான்.

போன மே லீவில் அக்கா மகன் ஓசூரில் இருந்து வந்திருந்தான், அவனுக்கும் இதைத்தான் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டான், "மாமா, எல்லாம் பச்சையாத்தான் இருக்கு, ஆனா நகரவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். அவன் பச்சை என்று சொன்னது சண்டைக் குமிழியின் நிறத்தை, அதாவது அந்தச் சண்டை அவனுக்குச் சாதகம். ஆனால் டிவிஷன்கள் மேல் இருக்கிற சின்னப் பச்சைக் கோடு, ஆர்கனைசேஷன், அதாவது தொடர்ந்து சண்டை போடுகிற தெம்பு, முக்கால்வாசி காலி. ஒரே மலைப் பகுதிக்குள் பத்து டிவிஷனை நெருக்கி வைத்திருந்தான், அங்கே வருகிற சப்ளையோ அதில் பாதிப் பேருக்குக்கூடக் காணாது. ஸ்பேஸ் பாரை அழுத்தி நிறுத்தச் சொல்லி, நான்கு டிவிஷனைப் பின்னால் துறைமுகத்துக்கு அனுப்பச் சொன்னேன். "ஆளைக் குறைச்சா எப்படி மாமா ஜெயிக்கும்?" என்றான். பத்து நாள் ஓடவிட்டான், மீதி ஆறின் கோடும் மெல்ல ஏறியது, அந்த வார முடிவில் மலையைத் தாண்டிவிட்டான். அதற்கு அப்புறம் நான் எதுவும் சொல்லவில்லை, அவனே ஒவ்வொரு தாக்குதலுக்கு முன்னாலும் சப்ளை மேப்பைத் திறந்து பார்க்க ஆரம்பித்தான்.

நிறுத்துவதைப் பற்றி ஒன்று. புதியவர்கள் நிறையப் பேர் பாஸ் பண்ணுவதை ஏதோ ஏமாற்று வேலை மாதிரி நினைக்கிறார்கள். ஐந்து வேகம் கொடுத்திருக்கிறார்கள், சமாதான காலத்தில் நான்கிலோ ஐந்திலோ ஓட்டுங்கள், போர் ஆரம்பித்ததும் இரண்டுக்கு வாருங்கள், ஏதாவது புரியாவிட்டால் உடனே நிறுத்துங்கள். நிறுத்தி மவுஸை எண் மேல் வைத்தால் அந்த எண் எப்படி வந்தது என்று கூட்டல் கழித்தலோடு காட்டும். அதைவிட நல்ல வாத்தியார் எந்த வீடியோவிலும் இல்லை.

வீடியோ என்றதும் சொல்லிவிடுகிறேன், குழப்பத்துக்குப் பெரிய காரணம் தேதி. 2021 அப்டேட்டுக்கு முன் டிவிஷன் அகலம் (சண்டையில் ஒரு டிவிஷன் எவ்வளவு இடம் பிடிக்கும் என்கிற எண்) 20 அல்லது 40 இருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொன்ன விதி, அப்போது அது சரி. அந்த அப்டேட்டுக்குப் பிறகு நிலப்பரப்பைப் பொறுத்து அகலம் மாறுகிறது, பழைய விதி செத்துவிட்டது, ஆனால் அந்த வீடியோக்கள் இன்னும் லட்சக்கணக்கான பார்வையோடு மேலே வந்து நிற்கும். வீடியோவின் தேதியைப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். இன்றைக்கு எந்த அகலம் சிறந்தது என்று கேட்டால், உறுதியாகச் சொல்கிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நான் ஒன்பது காலாட்படை, ஒரு பீரங்கி, கூடவே பொறியாளர் சப்போர்ட் என்று வைத்து ஆடுகிறேன், கணினிக்கு எதிராக அது போதும், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். அதேபோல எந்த வருடம் வரை சிவில் ஃபேக்டரி (கட்டுமான வேலைக்கானது) கட்ட வேண்டும், எப்போது ராணுவ ஃபேக்டரிக்கு மாற வேண்டும் என்பதும் விவாதத்துக்கு உரியது. ஜெர்மனியை ஆடும்போது நான் 1937 முடிவில் மாறுகிறேன், 1938 நடுவில் மாறி என்னைவிட நன்றாக ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற லாபம், சப்ளையைப் பார்க்காமல் விட்டால் வருகிற நஷ்டத்துக்குப் பக்கத்தில் கூட வராது.

விமானத்துக்கு ஒரே வரி: சண்டை நடக்கிற வான்பகுதியில் உங்கள் போர் விமானம் அதிகம் இருக்கட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம். கடற்படையை முதல் நூறு மணி நேரத்துக்குத் தொடாதீர்கள், கப்பல்களை ஒரே கூட்டமாகச் சேர்த்துத் துறைமுகத்தில் நிறுத்திவிடுங்கள்.

பிரிட்டிஷ் இந்தியாவை எடுத்து ஆடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது, நம் ஆட்கள் எல்லோருக்கும் வரும். ஆனால் முதல் நாடாக வேண்டாம். ஜனத்தொகை இருந்தும் படைக்கு ஆள் எடுக்க முடியாத தடை, தொழிற்சாலை குறைவு, மேலே லண்டன் என்று எல்லாப் பக்கமும் கை கட்டியிருக்கும். ஜெர்மனியில் ஒரு தடவை போலந்தையும் பிரான்ஸையும் முடித்துவிட்டு வந்து இந்தியாவை எடுத்தால், அந்தத் தடைகள் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கின்றன என்று புரியும், அப்போது அந்த ஆட்டம் கொடுக்கிற நிறைவு வேறெந்த நாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

விரிவாக்கங்களை இப்போது வாங்காதீர்கள், அடிப்படை கேம் போதும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது, ஆகவே அந்தக் கவலையே வேண்டாம், ஆடுங்கள். 40 மணி நேரத்தில் இது புரியாமல் இருப்பது சகஜம், எனக்கு நூறைத் தாண்டித்தான் சப்ளையும் ஃபேக்டரியும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து தெரிய ஆரம்பித்தது.

இந்தச் சனி ஞாயிறு இத்தாலியை எடுங்கள். பக்கத்தில் ஒரு பேப்பர் வைத்துக்கொண்டு, படை நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்தில் எது தீர்ந்துபோயிருந்தது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்: துப்பாக்கி, ஆர்கனைசேஷன், சப்ளை, ஆள், எது என்று. மூன்று ஆட்டத்தின் பேப்பரையும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். கூடவே ஒவ்வொரு தடவையும் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்றும் குறித்துவையுங்கள். நிஜத்தில் இத்தாலியப் படை அங்கே நுழைந்தது 1936 மே 5.